நாலு சீட்டு, நாலு கலர், யாருக்குப் போட்டோம்?

போன இதழ்ல உள்ளாட்சித் தேர்தல் பத்தி சும்மா ரெண்டு வரி எழுதினேன், அதுக்கு வந்த கடிதமும் வாட்ஸ்அப்பும் பாத்தா இந்த வாரம் சினிமா கேள்விக்கெல்லாம் இடமே இல்ல. சினிமா வாசகர்கள் மன்னிக்கணும், அடுத்த வாரம் சேர்த்து வெச்சு பதில் சொல்லிடறேன்.

2021 உள்ளாட்சித் தேர்தல்ல என் கையில நாலு சீட்டு குடுத்தாங்க. தலைவர் யாருன்னு தெரியும், அதுக்குப் போட்டேன். மத்த மூணுல ரெண்டு சீட்டு எதுக்குன்னே தெரியாம குத்திட்டு வந்தேன். நான் டிகிரி படிச்சவ, பேங்க்ல வேலை பாக்கறேன். யார்கிட்டயும் சொல்லக்கூட வெக்கமா இருக்கு.
– ஒரு வாசகி, திண்டிவனம் பக்கம்

வெக்கப்படாதீங்கம்மா, நானும் உங்க கட்சிதான். கிராமத்துத் தேர்தல் ரெண்டு தவணையா நடந்துச்சு, உங்க பக்கம் 2021ல, எங்க ஊர் 2019 டிசம்பர்ல நடந்த 27 மாவட்ட லிஸ்ட்ல வந்துச்சு. ஓட்டு மட்டும் இன்னும் ஊர்லயே வெச்சிருக்கறதால முதல் நாள் ராத்திரி பஸ் பிடிச்சுப் போய் காலையில ஏழு மணிக்கெல்லாம் அம்மாவக் கூட்டிக்கிட்டு வரிசையில நின்னேன். நின்னுக்கிட்டே அம்மா மெதுவா ஒப்பிக்குது, "வெள்ளைக்கு நம்ம கீழத்தெரு பொண்ணு, கத்தரிக்கோல். ரோஸுக்கு பூட்டு சாவி. பச்சைக்கு கட்சிக்கே போட்ரலாம். மஞ்சள் யாருடா?" அப்படின்னு என்னப் பாக்குது. எனக்கு எங்க தெரியும். முன்னாடி நின்னவர்கிட்ட கேட்டேன், அவரு அவருக்கு முன்னாடி நின்னவரக் கேட்டாரு, அவரு பள்ளிக்கூட காம்பவுண்டு செவுத்தப் பாத்துக்கிட்டு "மஞ்சளுக்கு யாரும் வந்து கேக்கவே இல்லையேப்பா" அப்படின்னுட்டாரு. அந்த வரிசையில அப்ப ஒரு அம்பது பேரு இருந்திருப்போம்.

சரி, தெரியாதவங்களுக்காக ஒரு தடவ சொல்லிடறேன். கிராமத்துல இருக்கறவங்களுக்கு நாலு ஓட்டு. வார்டு மெம்பருக்கு வெள்ளை (ரெண்டு வார்டுக்கு ஒரே பூத்துன்னா ஒண்ணுக்கு வெள்ளை இன்னொண்ணுக்கு இளநீலம்), ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, அதத்தான் எல்லாரும் ரோஸ்னு சொல்றது, ஒன்றியக் கவுன்சிலருக்கு பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். நாலையும் ஒரே பெட்டியிலதான் போடுவோம். எண்ணுறப்ப அதக் கொட்டி கலர் கலரா பிரிச்சு கட்டு கட்டி அதுக்கப்புறம்தான் எண்ணவே ஆரம்பிப்பாங்க, அதனாலதான் 2020 ஜனவரி 2 காலையில ஆரம்பிச்ச எண்ணிக்கை மறுநாளும் ஓடிக்கிட்டே இருந்துச்சு.

இதுல கவனிச்சீங்கன்னா வெள்ளைக்கும் ரோஸுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது, ஆளத் தெரிஞ்சுதான் குத்தணும். எங்கம்மாவுக்கு அந்தக் கீழத்தெரு பொண்ணோட மாமியார் எப்படி, யார்கிட்ட கடன் வாங்கித் திருப்பிக் குடுத்துச்சு, குடுக்கல, எல்லாம் தெரியும். அந்த அளவுக்கு ஒரு எம்.எல்.ஏ வேட்பாளரப் பத்தி எந்த டிவிக்காரனுக்கும் தெரியாது. பச்சைக்கும் மஞ்சளுக்கும் வந்தா கட்சிச் சின்னம் இருக்கும், ஆளு யாருன்னு தெரியாது. அதனால கிராமத்து சனத்துக்கு விவரம் இல்லன்னு பட்டணத்துல உக்காந்து பேசறத நான் ஒத்துக்க மாட்டேன். ஆளப் பத்தின விவரம் கொட்டிக் கிடக்கு. அந்த நாற்காலியில உக்காந்தா அந்த ஆளு என்ன பண்ணலாம், என்ன பண்ண முடியாதுங்கற விவரம்தான் இல்ல. அது உங்களுக்கும் இல்ல, எனக்கும் அன்னிக்கு இல்ல.

மஞ்சளுக்கு நான் என்ன பண்ணேன்னு கேக்காதீங்க.

வார்டு மெம்பர்னு ஒருத்தர் எதுக்கு சார்? எங்க வார்டு மெம்பர் அஞ்சு வருஷம் டீக்கடையிலதான் உக்காந்திருந்தாரு. தலைவர் ஒருத்தர் போதாதா?
– கல்லூரி மாணவர், உடுமலைப்பேட்டை

தம்பி, இங்கதான் நம்ம எல்லாரும் ஏமாந்து போறோம். தலைவர நம்ம நேரா தேர்ந்தெடுக்கறோம். துணைத் தலைவர யாரு தேர்ந்தெடுக்கறா? வார்டு மெம்பருங்கதான், அவங்களுக்குள்ள ஒருத்தர. சரி துணைத் தலைவர் பெருசா என்ன பண்ணிடப் போறாருன்னு நினைக்காதீங்க, ஊராட்சிப் பணத்த எடுக்கணும்னா தலைவரும் துணைத் தலைவரும் ரெண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போடணும். ஒருத்தர் பேனாவ மூடி பாக்கெட்டுல வெச்சுட்டா வேலை நின்னு போச்சு. பல ஊர்ல தலைவரும் துணைத் தலைவரும் எதிரும் புதிருமா உக்காந்துக்கிட்டு குடிதண்ணி மோட்டாருக்கு காயில் கட்டக்கூட காசு எடுக்க முடியாம மாசக்கணக்குல இழுத்தடிச்ச கதை உண்டு. அதே ஏற்பாடு சில ஊர்ல தலைவர் தனியா சுருட்ட முடியாம காப்பாத்தியும் இருக்கு. ரெண்டுக்கும் காரணம் அந்த வெள்ளைச் சீட்டு. சொந்தக்காரன்னு, பாவம் வந்து கேட்டுட்டான்னு நம்ம கண்ண மூடிக்கிட்டு குத்துற அதே சீட்டு.

ஒன்றியத்துலயும் மாவட்டத்துலயும் இதே கதைதான். ஒன்றிய சேர்மன நீங்க நேரா தேர்ந்தெடுக்கறது இல்ல, பச்சையில ஜெயிச்ச கவுன்சிலருங்க கூடி தேர்ந்தெடுப்பாங்க. அந்த நேரத்துல கவுன்சிலருங்கள வேன்ல ஏத்தி எங்கயோ கொண்டுபோய் ரிசார்ட்டுல வெக்கறது, செல்போன வாங்கி வெச்சுக்கறதுன்னு நடக்கும் பாருங்க, அப்பதான் ஊருக்கே தெரியும் பச்சைச் சீட்டுக்கு என்ன விலைன்னு.

உங்க மெம்பர் டீக்கடையில உக்காந்தது தப்பே இல்ல, எங்க தேடறதுன்னாவது தெரிஞ்சிருக்கே.

எங்க கவுன்சிலர்கிட்ட பட்டா மாத்தித் தரச் சொல்லி ரெண்டு வருஷமா நடக்கறேன், கண்டுக்கவே மாட்டேங்கறாரு. அடுத்த தடவ அவருக்கு ஓட்டு கிடையாது.
– வாசகர், ஆத்தூர், சேலம் மாவட்டம்

ஐயா கோவிச்சுக்காதீங்க, பட்டாவுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்ல, அது வருவாய்த் துறை, வி.ஏ.ஓ, தாசில்தார்னு போகணும். முதியோர் பென்ஷனும் அங்கதான். ரேஷன் கார்டு உணவுப் பொருள் வழங்கல் துறை. ஆனா தெருவிளக்கு, குடிதண்ணி, சாக்கடை, குப்பை, வீட்டு வரி இதெல்லாம் உள்ளாட்சி. கரண்டு கம்பம் மின்வாரியத்தோடது, அதுல எரியற பல்பு ஊராட்சியோடது, இந்த ஒரு விஷயத்துலயே எத்தன பேரு ரெண்டு ஆபீசுக்கு நடுவுல பந்தாடப்பட்டிருக்காங்க. ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கூடத்துல சுவர் விரிசல் விட்டா ஒன்றியம்.

"முடியாதுங்க, அது என் வேலை இல்ல, தாலுக்கா ஆபீஸ் போங்க"ன்னு அவரே முதல் நாளே சொல்லியிருக்கணும். சொன்னா ஓட்டு போயிடும்னு "பாக்கறேன் பாக்கறேன்"னு இழுத்தாரு பாருங்க, அதுக்கு வேணா ஓட்டு போடாதீங்க.

சென்னையில 2022ல ஓட்டுப் போடப் போனேன், ஒரே ஒரு மெஷின், கவுன்சிலர் மட்டும்தான். மேயருக்கு பட்டன் எங்கன்னு கேட்டேன், பூத்துல இருந்தவரு சிரிச்சாரு. 2011ல நான் மேயருக்குப் போட்டேனே, அது கனவா?
– வாசகர், வியாசர்பாடி

கனவு இல்லங்க, நெஜம்தான். இதுல உங்கள ஒண்ணும் சொல்றதுக்கில்ல, தமிழ்நாட்டுல மேயர் தேர்தல் ரூல் மாறுன மாதிரி பஸ் ரூட்டுகூட மாறல. 1996லயும் 2001லயும் மேயர சனமே நேரா தேர்ந்தெடுத்துச்சு, ஸ்டாலின் அப்படித்தான் ரெண்டு தடவயும் சென்னை மேயரானாரு. 2006ல கவுன்சிலருங்க தேர்ந்தெடுக்கட்டும்னு மாத்தினாங்க, மா.சுப்பிரமணியன் அப்படி வந்தாரு. 2011ல திரும்ப நேரடி, சைதை துரைசாமி. 2016ல மறுபடி மறைமுகம்னு சட்டம், ஆனா தேர்தலே நடக்கல. 2018ல நேரடின்னு மாத்தினாங்க, அதுலயும் தேர்தல் நடக்கல, 2019 நவம்பர்ல அவசரச் சட்டம் போட்டு திரும்பவும் மறைமுகம். அந்த கணக்குலதான் 2022ல பிரியா கவுன்சிலரா ஜெயிச்சு அப்புறம் மத்த கவுன்சிலருங்க ஓட்டுல மேயரானாங்க.

ஆட்டத்துக்கு நடுவுல கோல் போஸ்ட்ட இத்தன தடவ தூக்கி மாத்தி நட்டுட்டு, பால் எங்க அடிக்கறதுன்னு தெரியாத வாக்காளன்னு நம்மளச் சொன்னா எப்படி? அந்தத் தேர்தல்ல சென்னையில ஓட்டுப் பதிவு 44 சதவீதத்தக்கூட எட்டல, மாநிலம் முழுக்க நகர்ப்புறத்துல சராசரி 60 தாண்டினப்ப. சோம்பேறிங்கன்னு எல்லாரும் திட்டினாங்க. சோம்பேறித்தனமும் இருக்கு, இல்லங்கல. ஆனா வாடகை வீடு மாறி மாறி எந்த வார்டுல நம்ம பேரு இருக்குன்னே தெரியாதவங்க, 200 வார்டுல நம்ம வார்டு நம்பர் என்னன்னு தெரியாதவங்க எவ்ளோ பேரு. உங்க அபார்ட்மென்ட் லிஃப்ட்டுல வர்ற நாலு பேர்கிட்ட வார்டு நம்பர் கேட்டுப் பாருங்க. பின்கோடு சொல்லுவாங்க.

இன்னொண்ணு, அந்தத் தேர்தல்ல நோட்டாவும் கிடையாது. அதத் தேடி மெஷின மேலயும் கீழயும் பாத்துட்டு வந்தவரு எங்க தெருவுலயே ஒருத்தர் உண்டு.

வீட்டுல அஞ்சு ஓட்டு இருந்தும் ஒரே ஒரு ஓட்டு வாங்கினாரே ஒருத்தர், அந்த மீம் இன்னும் என் போன்ல இருக்கு. குடும்பமே கைவிட்ட அந்த ஆளப் பத்தி உங்க கருத்து?
– வாசகர், ஈரோடு

2021 அக்டோபர், கோயம்புத்தூர் பக்கம் ஒரு ஊராட்சி வார்டு இடைத்தேர்தல். நானும் சிரிச்சேன், நானும் ஃபார்வர்டு பண்ணேன், இப்ப அதுக்கு கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு. ஏன்னா விஷயம் என்னன்னா அவரு நின்னது ஒரு வார்டு, அவரு குடும்பத்துக்கு ஓட்டு இருந்தது வேற வார்டு. அவங்க யாரும் அவருக்குப் போடவே முடியாது. ரெண்டாவது, ஒரு தேசியக் கட்சி பேரச் சொல்லி இந்தியா முழுக்க ட்ரெண்ட் ஆக்கினாங்க, ஆனா ஊராட்சி வார்டுக்கு எந்தக் கட்சியும் சின்னத்துல நிக்க முடியாது, அவரு கட்சிக்காரரா இருந்தாலும் சீட்டுல சுயேச்சைதான், கார் சின்னம். இந்த ரெண்டு விவரமும் தெரிஞ்ச ஒருத்தர் இருந்திருந்தா அந்த மீம் அன்னிக்கு மத்தியானமே செத்திருக்கும். எனக்குத் தெரிஞ்சு படிச்ச, பேப்பர் பாக்கற, அரசியல் பேசற ஆளுங்கதான் அத அதிகமா பரப்பினது. என்னையும் சேர்த்துத்தான்.

எங்க ஊர்ல பெரியவங்க கூடிப் பேசி போட்டி இல்லாம தலைவர முடிவு பண்ணிட்டாங்க. சண்டை இல்ல, செலவு இல்ல. இது நல்லதுதானே? எதுக்கு எல்லாருக்கும் ஓட்டு, விவரம், விழிப்புணர்வுன்னு இத்தன பாடு?
– பேர் வேண்டாம்னு எழுதியிருக்கார், சிவகங்கை மாவட்டம்

பேர் வேண்டாம்னு எழுதினீங்க பாருங்க, அதுலயே பாதி பதில் இருக்குங்க ஐயா. ஊரே சந்தோஷமா ஒத்துக்கிட்ட விஷயத்துக்கு பேர் போட என்ன பயம்?

போட்டியில்லாம வர்றதெல்லாம் தப்புன்னு சொல்லல. 2019ல 27 மாவட்டத்துல 76,746 வார்டு மெம்பர் பதவி, அதுல 18 ஆயிரத்துக்கு மேல போட்டியே இல்லாம முடிஞ்சுது. அதுல நிறைய இடத்துல நெஜமாவே வேற யாரும் நிக்க விரும்பல, மெம்பர் பதவியில என்ன இருக்குன்னு விட்டுட்டாங்க. ஆனா தலைவர் பதவிய கோயில் வாசல்ல வெச்சு ஏலம் விட்டு, அதிகமா கேட்டவருக்குக் குடுத்து, அந்தக் காசுல கும்பாபிஷேகம் பண்றோம்னு சொல்றதும் இதே "ஊர் கூடிப் பேசி"ங்கற பேர்லதான் நடக்குது. ஏலத்துல எடுத்தவரு காச எங்கிருந்து திருப்பி எடுப்பாருன்னு கோயில் கணக்குப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்த ஏலத்துல பொம்பளைங்க நின்னு பாத்திருக்கீங்களா? காலனியில இருந்து யாரையாவது கூப்பிட்டாங்களா?

உங்க பக்கத்து ஜில்லா கதையே சொல்றேன். மதுரை மாவட்டத்துல பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துல கொட்டக்கச்சியேந்தல். இந்த நாலு ஊராட்சியும் 1996ல தாழ்த்தப்பட்டவங்களுக்குத் தலைவர் பதவி ஒதுக்கின ஊருங்க. பத்து வருஷம் அங்க தேர்தல் ஒழுங்கா நடக்கல. ஒண்ணு யாரும் மனு போட மாட்டாங்க, இல்ல ஊர்ல சொல்லி நிறுத்தின ஒருத்தர் ஜெயிச்சு பதவி ஏத்த கையோட ராஜினாமா பண்ணிடுவாரு. அதுவும் ஊர் கூடிப் பேசின முடிவுதான். 2006ல, அப்ப மதுரை கலெக்டரா இருந்த உதயச்சந்திரன் ஊர் ஊரா திரும்பத் திரும்பப் போய்ப் பேசி, அக்டோபர்ல தேர்தல் நடந்து தலைவருங்க உக்காந்தாங்க. அங்க வாக்காளருக்கு விவரம் இல்லாமலா பத்து வருஷம் போச்சு? சட்டம் என்ன சொல்லுதுன்னு அந்த ஊர்ல எல்லாருக்கும் நல்லாத் தெரியும். மேலவளவுல அதே மாதிரி ஒதுக்கின தலைவர் பதவியில ஜெயிச்சு உக்காந்த முருகேசன 1997ல வெட்டிக் கொன்னதும் தெரியும்.

அதனால சண்டை இல்ல, செலவு இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க. யாரு வாயத் திறக்கலங்கறதையும் சேர்த்து எழுதுங்க.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. தேர்தல் வந்தா கோலப்போட்டி, மனிதச் சங்கிலி, உறுதிமொழின்னு பிள்ளைங்கள வெயில்ல நிக்க வெக்கறோம். அப்புறம் நானே பூத் டியூட்டிக்குப் போறேன். அங்க பாட்டிங்க சீட்ட வாங்கிட்டு "இது யாருக்கு டீச்சர்?"னு கேக்கறாங்க. பதில் சொல்லக் கூடாது. இந்த விழிப்புணர்வால என்ன புண்ணியம்?
– ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

டீச்சர், இந்த வார பரிசு உங்களுக்கு (பரிசு எதுவும் கிடையாது, சும்மா சொல்றேன்).

நம்ம விழிப்புணர்வு எல்லாம் ஒரே பாட்டுதான், ஓட்டுப் போடு, ஓட்டுப் போடு, தவறாம போடு, காசு வாங்காம போடு. எதுக்குப் போடறோம்னு ஒருத்தரும் சொல்றதில்ல. எம்.பி தேர்தலுக்கும் அதே கோலம், ஊராட்சிக்கும் அதே கோலம், வருஷத்த மட்டும் மாத்திக்கறாங்க. இதுல இன்னொரு கூத்து, உள்ளாட்சித் தேர்தல நடத்தறது டெல்லியில இருக்கற தேர்தல் ஆணையம் இல்ல, தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம், அது தனி அமைப்பு, ஆபீஸ் கோயம்பேட்டுல இருக்கு. அது தெரியாம வேற இடத்துக்கு புகார் அனுப்பிட்டு நடவடிக்கையே எடுக்கலன்னு திட்டறவங்க நிறைய.

பாட்டி உங்ககிட்ட "யாருக்கு குத்தட்டும்"னு கேக்கல பாருங்க, "இது யாருக்கு"ன்னு கேக்கறாங்க, அதாவது இது எந்தப் பதவிக்கான சீட்டு. அதுக்கு ஒரு வேட்பாளர் பேரும் சொல்லாம பதில் இருக்கு. பூத் வாசல்ல பெருசா நாலு கலர்ல நாலு அட்டை, வெள்ளை உங்க தெரு மெம்பர், ரோஸ் ஊர்த் தலைவர், பச்சை ஒன்றியம், மஞ்சள் மாவட்டம்னு ஒட்டி, படிக்கத் தெரியாதவங்களுக்கு வரிசையில நிக்கறப்பவே ஒருத்தர் வாயால சொன்னா போதும். நோட்டீஸ் ஒட்டத்தான் செய்யறாங்க, நான் பாத்தேன், ஏ4 பேப்பர்ல பொடி எழுத்துல, ஜன்னலுக்குப் பின்னாடி. எங்கம்மாவுக்கு கண்ணாடி போட்டாலும் தெரியாது.

உங்க பிள்ளைங்கள வெச்சு பண்ணணும்னா, அடுத்த தடவ மனிதச் சங்கிலிக்குப் பதிலா ஊர்ல இருக்கற தெருவிளக்கு எத்தன, எரியறது எத்தன, தண்ணித் தொட்டி கடைசியா எப்ப கழுவினாங்கன்னு ஆளுக்கொரு தெருவா எழுதிட்டு வரச் சொல்லுங்க. அந்த நோட்ட வீட்டுல அப்பா அம்மா புரட்டினாலே ஓட்டு கேக்க வர்றவங்ககிட்ட கேக்க நாலு கேள்வி கிடைச்சிடும். ஹெட்மாஸ்டர் ஒத்துப்பாரான்னு தெரியாது, அது உங்க பாடு.

2019ல எங்க ஊர்ல ஜெயிச்ச தலைவர் பெண். ஆனா போஸ்டர்ல அவங்க வீட்டுக்காரர் படம்தான் பெருசா இருந்துச்சு. கூட்டத்துலயும் அவருதான் பேசினாரு. நாங்க யாருக்கு ஓட்டு போட்டோம்?
– வாசகி, அரியலூர்

சட்டப்படி அம்மாவுக்கு, நடப்புல ஐயாவுக்கு. பெண்களுக்கு மூணுல ஒரு பங்குன்னு இருந்தத 2016ல பாதின்னு ஆக்கினாங்க, 2019 தேர்தல்ல இருந்து அது நடைமுறைக்கு வந்துச்சு. கையெழுத்து அவங்களோடதுங்கறத மறந்துடாதீங்க, தப்பு நடந்தா மாட்டறதும் அவங்கதான், வீட்டுக்காரர் இல்ல. முதல் ரெண்டு வருஷம் பின்னாடி நின்னுட்டு மூணாவது வருஷம் "நீங்க வெளிய இருங்க"ன்னு புருஷன வாசல்ல நிறுத்தின தலைவிங்கள நான் பாத்திருக்கேன். அடுத்தும் இப்படி ஒரு தலைவி வந்தா கிராம சபையில நீங்க எந்திரிச்சு கேள்விய அவங்க மூஞ்சியப் பாத்து கேளுங்க, "தலைவர் அம்மாதான் பதில் சொல்லணும்"னு. ஒரு தடவ, ரெண்டு தடவ அவரு பேசுவாரு. மூணாவது தடவ பாருங்க.

காசு வாங்கிட்டு ஓட்டு போடற சனத்துக்கு எவ்ளோ சொல்லிக் குடுத்தா என்ன சார்?
– வாசகர், நாமக்கல்

காசு வாங்கினவங்க எல்லாம் குடுத்தவருக்கே போட்டிருந்தா ரெண்டு பக்கமும் குடுத்த ஊர்ல ரெண்டு பேருமே ஜெயிச்சிருக்கணும். 2019ல ஊராட்சித் தலைவர் வேட்பாளர் அதிகபட்சம் 34,000 ரூபா செலவு பண்ணலாம்னு வரம்பு, வார்டு மெம்பருக்கு 9,000. உங்க ஊர்ல அந்தக் காசு பிரியாணிக்குப் பத்திச்சா? கணக்குல மட்டும் எல்லாரும் வரம்புக்குள்ளதான் எழுதிக் குடுப்பாங்க. அத நம்ம யாராவது வாங்கிப் பாத்திருக்கோமா, சனத்த மட்டும் சொல்லி என்ன பண்ண. வேட்புமனுவோட வழக்கு, சொத்து விவரமும் சேத்துத்தான் குடுக்கணும். அதையும் தேர்தல் நடத்துற அதிகாரி ஆபீஸ்ல போய்ப் பாத்தவங்க எதிர்க்கட்சி வேட்பாளரத் தவிர யாரும் இல்ல.

நான் கலிஃபோர்னியாவுல இருக்கேன், இங்க சிட்டிசன் ஆகி முதல் தடவ ஓட்டுப் போட்டேன். ஜனாதிபதியில ஆரம்பிச்சு ஸ்கூல் போர்டு, தண்ணி வாரியம், நீதிபதின்னு சீட்டு நீளமா போய்க்கிட்டே இருக்கு. கீழ வர வர யாரையுமே தெரியல. நம்ம ஊரே பரவாயில்ல போல.
– வாசகர், சான் ஹோசே

பாத்தீங்களா, மஞ்சள் சீட்டு அங்கயும் இருக்கு, கலர்தான் வேற. ஆனா உங்க ஊர்ல ஒரு விஷயத்துக்கு நான் பொறாமப் படறேன். ஓட்டுச் சீட்டே எல்லாருக்கும் தபால்ல வீட்டுக்கு வந்துடுது, கூடவே மாநில அரசாங்கமே ஒரு புத்தகம் அனுப்புது, பொது வாக்கெடுப்புக்கு வர்ற ஒவ்வொரு தீர்மானத்துக்கும் ஆதரவா ஒரு வாதம், எதிர்ப்பா ஒரு வாதம்னு அதுலயே அச்சடிச்சு. உள்ளூர்ப் பதவிக்கு நிக்கறவங்க தங்களப் பத்தி எழுதினது கவுன்ட்டியில இருந்து வரும். டைனிங் டேபிள்ல வெச்சு காபி குடிச்சுக்கிட்டே நிரப்பலாம். படிக்கறவங்க எத்தன பேருங்கறது வேற விஷயம், நீங்களே படிச்சீங்களான்னு எழுதல. டெக்சாஸ்ல ஒரே கோடு போட்டா ஒரு கட்சியோட மொத்தப் பேருக்கும் ஓட்டு விழற வசதி இருந்துச்சு, 2020ல இருந்து அத எடுத்துட்டாங்க. அந்த வசதி இருந்தவரைக்கும் அங்க நீதிபதி யாருன்னு தெரியாமலே நீதிபதியத் தேர்ந்தெடுத்தவங்க லட்சக்கணக்குல இருந்திருப்பாங்க.

நம்ம ஊருக்கு அப்படி ஒரு புத்தகம் எல்லாம் வேண்டாம், பூத் சிலிப்புக்குப் பின்னாடி காலியாத்தான இருக்கு. நாலு பதவி, நாலு வேலை, நாலு வரி.

கிராம சபைக்குப் போனா எங்க ஊர்ல முப்பது பேருகூட இல்ல, ஆனா நோட்டுல நூத்தம்பது கையெழுத்து. இதுவும் தேர்தல் மாதிரிதானா?
– வாசகர், தேனி

தேர்தல விட மோசம், தேர்தல்ல ஏஜென்டாவது உக்காந்திருப்பாரு. ஐநூறு பேர் வரைக்கும் இருக்கற ஊர்ல 50 பேர், மூவாயிரம் வரைக்கும் 100 பேர், பத்தாயிரம் வரைக்கும் 200 பேர், அதுக்கு மேல 300 பேர் வரணும்னு விதி. அதுக்காகத்தான் நூறு நாள் வேலைக்கு வர்ற அம்மாங்கள அப்படியே கூட்டிட்டு வந்து உக்கார வெக்கறது, இல்ல நோட்ட வீட்டுக்கு வீடு அனுப்பறது. வருஷத்துக்கு நாலு தடவ இருந்தத 2022ல மார்ச் 22, நவம்பர் 1ன்னு ரெண்டு நாள் சேர்த்து ஆறாக்கினாங்க. வரவு செலவு வாசிக்கறப்ப "பைப்லைன் ரிப்பேர்"னு வந்தா எந்தத் தெரு பைப்லைன்னு மட்டும் கேளுங்க, வேற எதுவும் கேக்க வேண்டாம். 27 மாவட்டத்துல 2025 ஜனவரி 5ஓட பதவிக்காலம் முடிஞ்சு தனி அலுவலர் கைக்குப் போச்சு. ஓட்டு கேட்டு ஜெயிச்ச ஆளே இல்லாத அந்த மாதிரி நேரத்துலயும் கிராம சபை உண்டு, கேள்வி கேக்கலாம்.

சோழர் காலத்துலயே குடவோலை முறையில தேர்தல் நடத்தின நமக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தரணுமா?
– வாசகர், தஞ்சாவூர்

உத்திரமேரூர் கல்வெட்டு பெருமைதான், பராந்தக சோழன் காலம், 919லயும் 921லயும் வெட்டினது. ஆனா அது குடத்துல இருந்து ஒரு சின்னப் பையன் ஓலை எடுக்கற குலுக்கல், ஓட்டு இல்ல. சொந்த நிலம், சொந்த மனையில வீடு, 35 வயசுக்கு மேல 70க்குள்ள, வேதம் படிச்சிருக்கணும், பிராமணர் சபை. நீங்களும் நானும் எங்கம்மாவும் குடத்துக்குப் பக்கத்துலகூட நின்னிருக்க முடியாது. அதுல எனக்குப் பிடிச்ச ஒரே விதி, முன்னாடி பொறுப்புல இருந்து கணக்கு காட்டாதவன் பேரு மட்டுமில்ல, அவன் சொந்தக்காரன் பேருகூட குடத்துல போடக் கூடாது.

சீட்டுல ஸ்டாம்ப் தப்பா குத்திட்டா வேற சீட்டு தருவாங்களா? எங்க தாத்தா கேக்கச் சொன்னார்.
– பள்ளி மாணவி, செஞ்சி

தருவாங்கம்மா. கை தவறி கெட்டுப் போச்சுன்னு பூத் தலைமை அலுவலர்கிட்ட அந்தச் சீட்டத் திருப்பிக் குடுத்தா அத ரத்து பண்ணிட்டு வேற ஒண்ணு தருவாரு. ஆனா பெட்டிக்குள்ள போட்டுட்டு வந்து கேட்டா கிடையாது. தாத்தாகிட்ட இன்னொண்ணும் சொல்லு, குத்தினதும் மை காயறதுக்குள்ள மடிச்சா பக்கத்துச் சின்னத்துலயும் ஒட்டிக்கும், கொஞ்சம் ஊதிட்டு மடிக்கச் சொல்லு. நாலு சீட்டு, நாலையும் தனித்தனியா மடிக்கணும். எங்கம்மா நாலையும் ஒண்ணா மடிச்சு பெட்டி வாயில சொருக முடியாம நின்னுச்சு, பின்னாடி வரிசையே சிரிச்சுது.